கண்மாய் நீச்சல் போதாது: பல நாள் ரிவர் ராஃப்டிங்குக்குச் செட்டிநாட்டிலிருந்து தயாராவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் நிற்கிற தண்ணீர்தான். ஊருணி, தெப்பக்குளம், கண்மாய், தோட்டத்துக் கிணறு. வருஷம் முழுக்கப் பாயும் ஆறு நமக்கு இல்லை. அதனால் நீச்சல் தெரியாதவர்கள் என்று அர்த்தமில்லை. கிணற்றுக்குள் தலைகீழாகக் குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வரும் ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. வேகமாகப் பாயும் ஆற்றில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டு இறங்கும் ராஃப்டிங்குக்குப் பேர் கொடுக்கும்போது அதிக தைரியத்தோடு இருப்பவர்களும் அவர்கள்தான். ஆற்றில் முதலில் தடுமாறுபவர்களும் பெரும்பாலும் அவர்களே.

கண்மாயில் களைத்துப்போனால் காலை ஊன்றி நின்றுகொள்வோம். பாயும் ஆற்றில் அதே காரியம் உயிரை வாங்கும். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முன்பக்கமாகச் சாய்த்து அமுக்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரே போதும். எனவே இந்தத் தயாரிப்பில் பாதி வேலை, நின்ற நீரில் படிந்த பழக்கங்களை உடம்பிலிருந்து எடுப்பதுதான். அதற்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

1. ஆற்றையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

ஆறு பாறைகளுக்கு நடுவே அலையடித்துப் பாயும் இடங்களான ரேபிட்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1, 2 என்பது சலசலப்பு. 3 வந்தால் அலை படகுக்குள் ஏறும், எல்லோரும் சேர்ந்து துடுப்புப் போட்டாக வேண்டும். 4 பலமானது, கைடு சொல்வதை உடனே செய்யாவிட்டால் படகு கவிழும். 5 தேர்ந்தவர்களுக்கு. 6 என்றால் இறங்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் நிலையானதும் அல்ல. தண்ணீர் கூடினால் அதே ரேபிட் ஒரு படி ஏறும், சில இடங்களில் முழுகி அடங்கியும் போகும்.

தாண்டேலியின் காளி ஆறு, மகாராஷ்டிரத்தின் குண்டலிகா இரண்டும் நமக்குக் கொஞ்சம் கிட்டம். ஆனால் அங்கே கிடைப்பது சில மணி நேரச் சவாரி. பல நாள் பயணத்துக்கு முன் ஒத்திகையாக ஒருமுறை போய்வந்தால் நல்லது. ஒகேனக்கல் பரிசலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் பல நாள் பயணத்துக்கு நான் சொல்வது கங்கை: தேவப்பிரயாகையிலிருந்து ரிஷிகேஷ் வரை. அளகநந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை என்று பெயர் வாங்குகிற இடத்தில் படகேறி, கௌடியாலா, மரைன் டிரைவ், சிவபுரி என்று இறங்கி வரலாம். முதல் நாள் சுபாவமான தண்ணீர், கௌடியாலாவுக்குக் கீழே பெரிய ரேபிட்கள். 'தி வால்' என்பது 4ஆம் தரம். நீர் மிகுந்த நாட்களில் கைடு உங்களை இறக்கிக் கரைவழியே நடக்கச் சொன்னால் மறுபேச்சுப் பேசாதீர்கள். பாதை முழுக்கச் சாலை பக்கத்திலேயே வருவதால், ஒருவருக்கு முடியாமல் போனாலும் வெளியேற வழி உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் இங்கே ராஃப்டிங் கிடையாது. அக்டோபர், நவம்பர் சரியான மாதங்கள். மார்ச், ஏப்ரலும் சரி. டிசம்பர், ஜனவரி குளிர் நம் உடம்புக்கு ஆகாது.

இரண்டாவது பயணத்துக்கு இந்திய நேபாள எல்லையில் ஓடும் மகாகாளி. பஞ்சேஷ்வர் பக்கம் தொடங்கி டனக்பூர் அருகே சமவெளியில் இறங்குவது. காடும் மணல்திட்டுமாக, சத்தமில்லாத ஆறு. லடாக்கின் ஜன்ஸ்கார், அருணாசலப் பிரதேசத்தின் சியாங் இரண்டும் அதற்குப் பிறகு. ஜன்ஸ்கார் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கானது. பனி உருகிய தண்ணீர், விறைக்கும். லே நகரமே 3,500 மீட்டர் உயரம். நாம் பெரிய மலை என்று சொல்லும் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர்தான். லேயில் இரண்டு முழு நாளாவது சும்மா இருந்து உடம்பைப் பழக்காமல் மேலே போகக் கூடாது. சியாங் குளிர்காலத்து ஆறு, தண்ணீரின் கனமே வேறு. அங்கே போக, மாநிலத்துக்குள் நுழையும் அனுமதியான இன்னர் லைன் பெர்மிட்டும் வாங்க வேண்டும்.

2. நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியவை

சொந்தக்காரர்களாகப் பத்துப் பேர் சேர்ந்ததும் முதலில் எழும் கேள்வி 'தலைக்கு எவ்வளவு?' என்பதாகத்தான் இருக்கும். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, எத்தனை படகு போகும்? ஒற்றை ராஃப்ட் என்றால் அந்த நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒன்று கவிழ்ந்தால் இன்னொன்று தூக்க வேண்டும். கூடவே, தண்ணீரில் விழுந்தவரை மீட்பதற்கான சிறு படகான சேஃப்டி கயாக் ஒன்று வர வேண்டும், அதை ஓட்டுபவர் படம் எடுப்பதற்காக வருபவராக மட்டும் இருக்கக் கூடாது.

கைடுக்கு வேகநீர் மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் உண்டா, மாநில சுற்றுலாத் துறையின் உரிமம் இந்த ஆண்டுக்குச் செல்லுமா, தரப்போகும் லைஃப் ஜாக்கெட் எவ்வளவு பழையது, இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த வழியாக எந்த மருத்துவமனைக்கு? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்புகிறவரிடம் பணம் கட்ட வேண்டாம். 'ஒன்றும் ஆகாது சார்' என்பது பதில் இல்லை.

முகாம் எங்கே என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரையுள்ள மணற்கரை முகாம்களுக்கு 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது. பழைய படங்களில் பார்க்கிற மாதிரி தண்ணீரை ஒட்டிக் கூடாரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

3. மருத்துவரைப் பாருங்கள்

இதய நோய், வலிப்பு, கர்ப்பம், அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை, அடிக்கடி நழுவும் தோள்மூட்டு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் படகேறக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் தனியாகப் பேச வேண்டும். நாள் முழுக்கத் துடுப்புப் போடும்போதும் குளிரில் நடுங்கும்போதும் சர்க்கரை வேகமாக இறங்கும். மாத்திரை, இன்சுலின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்சுலின் உறையவும் கூடாது, வெயிலில் வேகவும் கூடாது. காப்பீடு வைத்திருந்தால் சாகச விளையாட்டு அதில் அடங்குமா என்று பார்த்துவிடுங்கள். பல பாலிசிகளில் அடங்காது.

4. நீச்சல்: மூன்று மாத வேலை

ராஃப்டிங்குக்கு நீச்சல் கட்டாயம் இல்லை என்று விளம்பரம் சொல்லும். ஒரு மணி நேரச் சவாரிக்கு அது சரி. பல நாள் பயணத்துக்கு என்னைக் கேட்டால், தெரியாதவரைக் கூட்டிப்போக மாட்டேன்.

எங்கே பழகுவது? குடிநீர் ஊருணியில் இறங்காதீர்கள், அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிக்கும் குளமோ, ஆழம் தெரிந்த கிணறோ, மதுரை, திருச்சி விளையாட்டரங்கங்களின் நீச்சல் குளமோ போதும். கண்மாய் என்றால் சேற்றையும் கருவேல முள்ளையும் மனசில் வைத்துக்கொண்டு, கரையில் கயிற்றோடு ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

முதல் மாதம், நிற்காமல் 400 மீட்டர் நீந்தும் அளவுக்கு மூச்சைக் கொண்டுவாருங்கள். வேகம் முக்கியமில்லை.

இரண்டாவது மாதம், சட்டை, பேன்ட், ஷூவோடு இறங்குங்கள். கால்கள் எவ்வளவு கனக்கின்றன என்பது அன்றைக்குத்தான் தெரியும். பிறகு மல்லாந்து மிதக்கப் பழகுங்கள்: முதுகு கீழே, பாதம் இரண்டும் நீர்மட்டத்துக்கு மேலே எட்டிப்பார்க்க, முழங்கால் லேசாக மடங்கி, முகம் போகிற திசையைப் பார்த்தபடி. ஆற்றில் விழுந்ததும் எடுக்க வேண்டிய நிலை இதுதான். பாறை வந்தால் கால் முதலில் படும், உதைத்துத் தள்ளிவிடலாம். பத்து நிமிடம் இப்படிக் கிடக்கப் பழகுங்கள். 'கால் மேலே' என்பது யோசிக்காமலே வர வேண்டும், ஏனென்றால் விழுந்த நொடியில் யோசனை ஓடாது.

மூன்றாவது மாதம் லைஃப் ஜாக்கெட்டோடு. வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து சட்டென்று குப்புறப் புரண்டு, கரையைக் குறிவைத்து முப்பது எண்ணும் வரை முழு பலத்தோடு நீந்துங்கள், மறுபடி மல்லாருங்கள். ஆற்றில் கரை சேர்வது இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துதான். ரேபிட்டுக்குள் மிதப்பது, அது முடிந்ததும் ஒதுங்கி நிற்கும் நீரை நோக்கிப் பாய்வது. நேரே கரையைப் பார்த்து நீந்தாமல், மேல்நீர்ப் பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், சாய்வாக உடம்பை வைத்துக்கொண்டால் ஓட்டமே உங்களைக் கரைக்குத் தள்ளும். நின்ற நீரில் இதைப் பழக முடியாது, மனசில் போட்டுவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் மறுகால் பாயும்போது, 'ஓடுகிற தண்ணீர் கிடைத்துவிட்டது' என்று கலுங்குக்குக் கீழே போய்ப் பழகலாம் என்று தோன்றும். வேண்டாம். தடுப்பிலிருந்து குப்புற விழும் நீர் அடியில் திரும்பிச் சுழன்று தடுப்பை நோக்கியே இழுக்கும். பார்க்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும், ஆளை வெளியே விடாது. ஆற்றில் இதே வகைச் சுழலை 'ஹோல்' என்பார்கள். கைடுகள் மிகவும் பயப்படுவது அலைக்கு அல்ல, இதற்கும் தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரங்களுக்கும்தான். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். அப்படி மரத்தை நோக்கி இழுத்துப்போனால், அங்கே மட்டும் கால் முன்னே போகக் கூடாது. குப்புறப் புரண்டு, தலை முன்னே வைத்து நீந்தி, கையால் பிடித்து மரத்தின் மேலே ஏறிவிட வேண்டும்.

அடுத்தது குளிர். நம் கிணற்றுத் தண்ணீர் மார்கழியில்கூட வெதுவெதுப்பாக இருக்கும். இமயத்து ஆற்றில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அண்ணாந்து இழுக்கும்போது தண்ணீரும் உள்ளே போகும். அந்த ஒரு நிமிடம் செய்ய வேண்டிய ஒரே வேலை, முகத்தை மேலே வைத்து மூச்சைச் சீராக்குவது. கடுங்குளிரான நீரில் கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய அடுத்த பத்து நிமிடம்தான். அதற்குள் படகையோ கரையையோ பிடித்துவிட வேண்டும். கடைசி இரண்டு வாரம் விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பழகுவது கொஞ்சம் உதவும். ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

5. தோளும் இடுப்பும்

துடுப்புப் போடுவது கைவேலை இல்லை, இடுப்பு வேலை. திண்ணை விளிம்பில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஒரு மூங்கில் கம்பை வைத்து முன்னே குனிந்து, உடம்பைத் திருப்பி இழுத்துப் பாருங்கள். கை மட்டும் வலித்தால் தப்பாகச் செய்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் தண்டால், பிளாங்க், குந்தி எழுதல். குன்றக்குடி மலைப்படியை நிற்காமல் ஏறி இறங்குவது மூச்சுக்கு நல்லது, முருகனையும் பார்த்த மாதிரி இருக்கும்.

6. உடம்பில் போட வேண்டியதும் கழற்ற வேண்டியதும்

பருத்தியை வீட்டில் வையுங்கள். நம் வெயிலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் நனைந்த பருத்தி காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாலியஸ்டர் டி ஷர்ட், ஷார்ட்ஸ் அல்லது லெக்கிங்ஸ், மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். குளிர்ந்த ஆறு என்றால் குளிரைத் தடுக்க உடம்போடு ஒட்டிப் போடும் வெட் சூட்டை நடத்துபவரிடமே கேளுங்கள். முகாமுக்குக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, கம்பளிக் குல்லா ஒன்று. கைலி இரவுக்கு மட்டும். துப்பட்டா, தொங்கும் கயிறு, நாடா எதுவும் படகில் கூடாது.

செருப்பு ஆகாது. குதிகாலைக் கட்டும் வார் வைத்த சாண்டலோ, பழைய கேன்வாஸ் ஷூவோ போடலாம். புது ஷூ போட்டுக் கொப்புளம் வாங்காதீர்கள்.

நகை விஷயம் நம் பக்கத்தில் வீட்டுச் சண்டை வரை போகும், அதனால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மோதிரத்தைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கயிற்றில் மாட்டினால் விரல் சதையோடு உரிந்துவிடும். வளையல், கொலுசு, தொங்கும் தோடு வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் தாலியைக் கட்டி, இறுக்கமான டி ஷர்ட்டுக்குள் போட்டு, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டால் எதிலும் மாட்டாது. ஆச்சிமாரும் இதற்குச் சம்மதிப்பார்கள். நீளமான முடியைப் பின்னி உள்ளே செருகுங்கள். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டையும், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கொண்டு போக வேண்டும்.

7. பை கட்டுதல்

ஆளுக்குத் தண்ணீர் புகாத பெரிய பை (டிரை பேக்) ஒன்று, 60 லிட்டர் போதும். இது இரவில்தான் திறக்கும். இன்னொன்று சிறியது, 10 லிட்டர் அளவில்: சன்ஸ்கிரீன், மாத்திரை, தண்ணீர், ஜாக்கெட். சிறியதை கேரபினர் என்னும் கொக்கி வளையத்தால் படகில் மாட்டிவிடலாம். வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு சுருட்டினால்தான் தண்ணீர் புகாது. புதுப் பை என்றாலும் நம்பாதீர்கள். உள்ளே செய்தித்தாளைப் போட்டு மூடி, வளவில் மழைத்தண்ணீர் பிடிக்கும் அண்டாவில் பத்து நிமிடம் அமுக்கி வைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

தூங்கும் துணி ஒரு பாலித்தீன் பைக்குள், மறுநாள் துணி இன்னொன்றில், எல்லாம் டிரை பேக்குக்குள். தூங்கும் துணியை என்ன நடந்தாலும் ஆற்றில் உடுத்தக் கூடாது. எந்த இரவும் ஒரு காய்ந்த உடுப்பு மிச்சம் இருக்க வேண்டும். தலையில் மாட்டும் டார்ச், ஓ.ஆர்.எஸ்., கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், குளோரின் மாத்திரை. மாதவிடாய் நாட்கள் இடையில் வரும் என்றால் கப் வசதி. நாப்கின் என்றால் இறுக மூடும் டப்பா கொண்டுபோய், பயன்படுத்தியதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். போன் வேண்டுமென்றால் முகாமுக்கு மட்டும்.

8. தின்பண்டம்

சாப்பாடு அவர்கள் தருவார்கள்: சப்பாத்தி, ராஜ்மா, சோறு, பருப்பு. மூன்றாம் நாள் நாக்கு கேட்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஆகியவற்றை அகல வாய் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டு போங்கள். கண்ணாடி பாட்டில் கூடாது. பலகாரத்தில் தேன்குழல் நொறுங்கித் தூளாகும். சீப்புச் சீடை தாங்கும். எல்லாவற்றையும்விட மாவுருண்டை. நெய்யும் சர்க்கரையும் பாசிப்பருப்பும் சேர்ந்தது, நடுங்கிக்கொண்டு கரையேறியவருக்கு உடனே தெம்பு தரும். சிறிய பையில் ஆளுக்கு நாலு உருண்டை இருக்கட்டும். மது படகிலும் வேண்டாம், முந்தின இரவும் வேண்டாம். அது குளிரைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும்.

9. போய்ச் சேர்தல்

காரைக்குடியிலிருந்து விடிகாலைப் பல்லவனில் சென்னை, அங்கிருந்து இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, பிறகு ஹரித்துவார் வழி ரிஷிகேஷ். விமானம் என்றால் மதுரையிலோ திருச்சியிலோ ஏறி, மாறி, டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையத்தில் இறங்கலாம். எப்படிப் போனாலும் ஒரு முழு நாள் ரிஷிகேஷில் தூங்கி எழுந்த பிறகே ஆறு. ரயில் அலுப்போடு படகேறுவது நல்லதில்லை.

10. ஆற்றில் முதல் காலை

பாதுகாப்புப் பேச்சு நடக்கும்போது செல்ஃபி எடுக்காதீர்கள். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும்: ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன். அவசரத்தில் இந்தியும் கலக்கும்: ஆகே, பீச்சே. இதையெல்லாம் ரயிலிலேயே பிள்ளைகளை விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெரியப்பாவைக் கைடுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இடுப்பிலிருந்து மேல்நோக்கி இறுக்குங்கள். பிறகு ஒருவர் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் தளர்வு. துடுப்பின் மேல்முனையில் இருக்கும் 'டி' பிடியை ஒரு கை எப்போதும் மூடியிருக்கட்டும், அதை விட்டுவிட்டால் பக்கத்துக்காரர் பல் உடையும். அலை வந்ததும் கையை எடுத்துப் படகைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். துடுப்பை அலைக்குள் குத்திக்கொண்டே இருங்கள், அதுதான் உங்களை நிலையாக வைக்கும்.

கவிழ்ந்தால், படகுக்கு அடியில் காற்று இருக்கும், பதற வேண்டாம். கையை மேலே வைத்து, ஒரே திசையில் தடவிக்கொண்டே போனால் வெளியே வந்துவிடலாம். படகுக்கும் பாறைக்கும் நடுவில், கீழ்நீர்ப் பக்கம் மட்டும் நிற்காதீர்கள். பையில் சுருட்டிய மீட்புக் கயிற்றை எறிந்தால் பையை அல்ல, கயிற்றைப் பிடியுங்கள். மார்போடு அணைத்து மல்லாருங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

11. முகாம்

தேவப்பிரயாகைக்கு மேலே பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது. திறந்துவிட்டால் இரவோடு இரவாக நீர்மட்டம் ஏறும். பனி உருகும் ஆறுகளில் மாலையில் ஏறும். கைடு சுட்டும் மேட்டில்தான் கூடாரம். செருப்பைக்கூடத் தண்ணீரோரம் விடாதீர்கள்.

கழிப்பறைக் கூடாரம் இல்லாத இடத்தில், தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள், காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். சோப்பு ஆற்றுக்குள் கூடாது, மூலிகைச் சோப்பும்தான்.

கங்கை என்றதும் வீட்டில் செம்பு கொடுத்தனுப்பத்தான் செய்வார்கள். செம்பை வாங்கி ரிஷிகேஷ் விடுதியில் வைத்துவிட்டு, கடைசி நாள் நிரப்பிக்கொள்ளுங்கள். விமானத்தில் வருவதானால் மூடி இறுகிய பிளாஸ்டிக் கேனில் ஊற்றிச் செக் இன் பெட்டியில் போட வேண்டும், கைப்பையில் விட மாட்டார்கள்.

12. கிளம்பும் முன் வீட்டில் சொல்ல வேண்டியது

ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எந்த நாள் எங்கே படகேறுகிறீர்கள், எந்த நாள் எந்த மாலைக்குள் போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நடத்துபவரின் எண்ணோடு வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதத்துக்கும் இடம் வைத்து எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் இரண்டாம் முகாமில் உறங்கிக்கொண்டிருக்கும்போது, ஊரில் பங்காளிகள் அத்தனை பேரும் வீட்டு வாசலில் கூடியிருப்பார்கள்.